ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸ்: ஒலிநாடாவும் அடிக்குறிப்பும்

முதல் புத்தகம் ஹென்றி ஹாலெக்கைப் பற்றி. 1962இல் வந்தது. ஹாலெக், அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கனுக்குக் கீழ் தலைமைத் தளபதியாக இருந்தவர். வாஷிங்டனில் மேஜை முன் உட்கார்ந்து தந்தி மேல் தந்தியாக அனுப்பியவர்; களத்தில் பெயர் வாங்கியவர் இல்லை. பின்னாளில் சிப்பாய்களின் கதைசொல்லி என்று பெயரெடுத்த ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸ், கோப்புகளோடு மல்லுக்கட்டிய ஒரு தளபதியிடமிருந்துதான் தொடங்கினார். பழைய காகிதங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று முறையாகக் கற்றவர் அவர். இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

*

1936இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற சிற்றூரில். அப்பா டாக்டர், உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர். மகனும் டாக்டராகும் எண்ணத்தோடுதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கல்லூரி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினார். வில்லியம் ஹெஸல்டைன் என்ற வரலாற்றுப் பேராசிரியரின் முதல் வகுப்பைக் கேட்டதும் மருத்துவம் போயிற்று. வகுப்பு முடிந்த கையோடு போய், நீங்கள் செய்கிற வேலையை நானும் செய்ய என்ன வழி என்று கேட்டாராம். அவரே சொன்ன கதை இது. அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதைகள் எல்லாமே நன்றாக இருக்கும்.

*

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஆம்ப்ரோஸுக்கு ஒன்பது வயது. போர்க்களம் பார்த்ததில்லை.

பிரிட்டனின் போர் வரலாற்றாசிரியர் ஜான் கீகனும் பார்த்ததில்லை. 1976இல் வந்த தம் புகழ்பெற்ற புத்தகத்தின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டார் கீகன். நான் போரில் இருந்ததில்லை, அங்கே மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதை வெளியிலிருந்து எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள முடியும் என்று பார்க்கிறேன் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் அடித்தளம். ஆம்ப்ரோஸ் வேறு வழியில் போனார். போய்வந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒலிப்பதிவுக் கருவியை இயக்கினார்.

*

ஐசன்ஹோவர் கதை, ஆம்ப்ரோஸ் சொன்னபடி:

1964. ஆம்ப்ரோஸுக்கு 28 வயது. ஹாலெக் பற்றிய புத்தகத்தை, உலகப் போர்த் தளபதியும் முன்னாள் ஜனாதிபதியுமான ஐசன்ஹோவர் படித்துவிட்டு, இந்தப் பையன்தான் என் வரலாற்றை எழுத வேண்டும் என்று தானே தொடர்புகொள்கிறார். அதன்பின் வாரத்துக்கு இரண்டு நாள் கெட்டிஸ்பர்க்குக்குப் போய் அவரோடு வேலை. மொத்தத்தில் நூற்றுக்கணக்கான மணிநேரம். கிழவரின் கண் இவர் கண்ணை விட்டு விலகவே விலகாது.

முப்பது வருடங்களாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் இந்தக் கதை ஓடியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? ஐசன்ஹோவர் வாழ்க்கை வரலாற்றின் இரண்டு பெரிய தொகுதிகள் கண்முன்னே இருந்தன. 1983இல் வந்தது, அவர் ஜனாதிபதியாகும் வரை. 1984இல் வந்தது, ஜனாதிபதியான பிறகு.

*

ஐசன்ஹோவரைச் சந்தித்துவந்ததாகச் சொன்ன அதே காலத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வேலையும் நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐசன்ஹோவரின் போர்க்காலக் காகிதங்களைத் தொகுக்கும் திட்டம். தலைமைப் பதிப்பாசிரியர் ஆல்ஃப்ரெட் சாண்ட்லர். ஆம்ப்ரோஸ் துணைப் பதிப்பாசிரியர். 1970இல் ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. கடிதம், தந்தி, உத்தரவு, குறிப்பாணை. எந்த நாளில் யாருக்கு என்ன எழுதினார், எதை அடித்துத் திருத்தினார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற வேலை. ஒரு தளபதியின் மனசுக்குள் போக இதைவிட நல்ல கதவு கிடையாது. அதே 1970இல் அவர் வெளியிட்ட ‘தி சுப்ரீம் கமாண்டர்’ நூலின் பலமே இந்தக் காகிதங்கள்தான்.

*

1970, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். ஐசன்ஹோவர் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவியில் ஆம்ப்ரோஸ். செப்டம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் அங்கே பேச வருகிறார். வியட்நாம் போரை எதிர்த்தவர் ஆம்ப்ரோஸ். கூட்டத்தில் கூச்சலிட்டவர்களோடு சேர்ந்து அவரும் கூச்சலிட்டார். பல்கலைக்கழகத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரே வருடத்தில் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1995 வரை அங்கேயே.

அந்த நிக்ஸனைப் பற்றித்தான் பின்னால் மூன்று தொகுதிகள் எழுதினார்: 1987, 1989, 1991. முதலில் மாட்டேன் என்றவரை, பதிப்பாசிரியர் ஆலிஸ் மேஹ்யூ பேசிச் சம்மதிக்கவைத்தார். எழுத எழுத வெறுப்பு வடிந்து ஒரு வகை மரியாதை வந்திருப்பது மூன்றாம் தொகுதியில் தெரிகிறது. பிடிக்காத மனிதரைப் பற்றி எழுதும்போது எழுத்தாளர் ஆதாரங்களில் கூடுதல் கவனமாக இருப்பார் என்பது என் கட்சி. பிடித்தவரைப் பற்றி எழுதும்போதுதான் வழுக்கும்.

*

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது சின்னப் புத்தகம்: ‘பெகாசஸ் பிரிட்ஜ்’, 1985.

1944 ஜூன் 6, நள்ளிரவு தாண்டி 16 நிமிடம். நார்மண்டியில் கான் கால்வாய் மேல் ஒரு பாலம். எஞ்சின் இல்லாத மரக் கிளைடர் ஒன்று இருட்டில் வந்து பாலத்துக்கு ஐம்பது கஜத்துக்குள் மோதி நிற்கிறது. ஓட்டிவந்தவர் ஜிம் வால்வொர்க். மோதிய வேகத்தில் முன்கண்ணாடி வழியாகத் தூக்கி எறியப்பட்டார். உள்ளே இருந்தவர்களுக்குச் சில நொடி பிரக்ஞை இல்லை. சிலருடைய கைக்கடிகாரங்கள் அந்த நிமிடத்திலேயே நின்றுபோயின. பிறகு கதவை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். மேஜர் ஜான் ஹோவர்டின் கம்பெனி அது. ஹோவர்ட் போருக்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் போலீஸ்காரர். ஆறு கிளைடர்களில் ஒன்று வழிதவறி வேறோர் ஆற்றுப் பாலத்தருகே இறங்கியது. மற்ற ஐந்தில் வந்தவர்கள் கால்வாய்ப் பாலத்தையும் பக்கத்து ஓர்ன் ஆற்றுப் பாலத்தையும் பத்து, பதினைந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். பாலத்தில் முதலில் ஓடிய லெஃப்டினண்ட் டென் பிரதரிஜ் கழுத்தில் குண்டு பட்டு இறந்தார். ஊரில் அவர் மனைவி நிறைமாத கர்ப்பிணி.

போர்க்களச் சுற்றுலாக் குழுவொன்றை அழைத்துக்கொண்டு போன இடத்தில் ஹோவர்டைச் சந்தித்ததிலிருந்து பிறந்த புத்தகம் இது. ஒரு கம்பெனி, ஓர் இரவு, ஒரு பாலம். அளவு சின்னதாக இருந்ததால் ஒவ்வொரு ஆளையும் விசாரிக்க முடிந்தது. எதிர்ப்பக்கத்து ஜெர்மானியர்களையும், பாலத்தடியில் காபிக்கடை வைத்திருந்த கோந்த்ரே குடும்பத்தையும் சேர்த்து. இந்த ‘சேர்த்து’தான் முக்கியம்.

*

இந்தப் பாணிக்கு முன்னோடி ஆம்ப்ரோஸ் இல்லை. டப்ளினில் பிறந்த பத்திரிகையாளர் கார்னீலியஸ் ரையன் 1959இலேயே ‘தி லாங்கஸ்ட் டே’ எழுதிவிட்டார். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து நார்மண்டிக்குப் போனவர்களைத் தேடி, அச்சடித்த கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். எங்கே இறங்கினீர்கள், யாரோடு பேசினீர்கள், சிரிப்பு வரும்படி ஏதாவது நடந்ததா என்றெல்லாம் கேள்விகள். அந்தக் கோப்புகள் இன்று ஓஹையோ பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

ரையன் தாளில் வாங்கியதை ஆம்ப்ரோஸ் ஒலிநாடாவில் வாங்கினார். 1983இல் நியூ ஆர்லியன்ஸில் ஐசன்ஹோவர் மையத்தைத் தொடங்கி, மாணவர்களையும் உதவியாளர்களையும் வைத்து முன்னாள் சிப்பாய்களின் பேச்சைப் பதிவுசெய்துகொண்டே போனார். 1994இல், நார்மண்டித் தரையிறக்கத்தின் ஐம்பதாவது ஆண்டில் ‘டி-டே’ வந்தபோது 1,400 பேரின் வாய்மொழி அதற்குப் பின்னால் இருந்தது.

கிழவர்கள் அதுவரை வீட்டில் வாய்திறக்காதவர்கள். பேரன் வயதுப் பையன் ஒருவன் நாடாவைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்ததும் கொட்டிவிட்டார்கள். அந்த வேலையைக் காலத்தில் செய்த பெருமை ஆம்ப்ரோஸுக்கு உண்டு. பத்து வருடம் தள்ளியிருந்தால் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

*

‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’, 1992. 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் 506ஆவது பாராசூட் ரெஜிமென்டின் ஈஸி கம்பெனி. 1988இல் அந்தக் கம்பெனிக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸில் கூடினார்கள். மையத்தின் ஆட்கள் அங்கேயே பதிவைத் தொடங்கினார்கள். பிறகு ரிச்சர்ட் விண்டர்ஸ் முதலானவர்களோடு நீண்ட பேட்டிகள். கைப்பிரதியைச் சிப்பாய்களுக்கே அனுப்பித் திருத்தம் வாங்கினார். படிக்க அருமையான புத்தகம். அந்தத் திருத்தம் வாங்கிய இடத்தில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது.

கம்பெனியின் முதல் தலைவர் கேப்டன் ஹெர்பர்ட் சோபெல். ஜார்ஜியாவின் டொக்கோவா முகாமில் கரஹீ மலை மேல் மூன்று மைல் ஏற்றம், மூன்று மைல் இறக்கம் என்று ஓடவிட்டவர். சின்னக் குறை கண்டாலும் வார விடுமுறையை ரத்து செய்பவர். வரைபடம் பார்க்கத் தெரியாதவர், அற்பமானவர் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். புத்தகத்திலும் அப்படியே பதிந்துவிட்டது. அவர் போட்ட கடும் பயிற்சிதான் எங்களை உயிரோடு வைத்தது என்று சிலர் சொன்னதையும் ஆம்ப்ரோஸ் எழுதத்தான் எழுதினார். ஆனால் சோபெல் 1987இல் இறந்துவிட்டார். பேட்டிகள் தொடங்கியதோ 1988இல். தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு நாடா ஓடவில்லை. பின்னால் அவர் மகன் வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் அப்பாவுக்காகப் பேசிவந்தார்.

பெகாசஸ் பாலத்தில் எதிரியையும் காபிக்கடைக்காரரையும் கேட்டவர், இங்கே நண்பர்களை மட்டும் கேட்டார்.

*

இன்னொன்று: அதே கம்பெனியின் ஆல்பர்ட் பிளைத். இந்தப் புத்தகத்தை வைத்து 2001இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில், நார்மண்டியில் பட்ட காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்தார் என்று எழுத்து வரும். உண்மையில் அவர் குணமாகி, ராணுவத்திலேயே தொடர்ந்து, கொரியப் போருக்கும் போய், 1967இல்தான் இறந்தார். ஆர்லிங்டன் இடுகாட்டில் கல் இருக்கிறது. கூட இருந்தவர்கள் அவர் போய்விட்டதாகவே நம்பியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு செய்கிற வேலை இது. இதற்காகத்தான் காகிதம்.

பாராசூட் வீரர்களை ஏற்றிச்சென்ற விமானிகளும் ஆம்ப்ரோஸ் மேல் கோபப்பட்டார்கள். தாறுமாறாக ஓட்டி எங்களை எங்கோ தள்ளிவிட்டார்கள் என்று குதித்தவர்கள் சொன்னதை எழுதினார், ஓட்டியவர்களைக் கேட்கவில்லை என்பது அவர்கள் புகார்.

*

1996: ‘அன்டாண்டட் கரேஜ்’. மெரிவெதர் லூயிஸின் வாழ்க்கை. அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன லூயிஸ், கிளார்க் பயணம். பெரும் விற்பனை. குடும்பத்தோடு அந்தப் பாதையில் பல கோடைகளில் நடந்தும் படகிலும் போனவர் அவர்; 1976 ஜூலை 4ஆம் தேதி லெம்ஹை கணவாயில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். அந்த மண் தெரிந்த ஆள் எழுதியது என்பது வர்ணனைகளில் தெரியும்.

*

ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் இல்லாவிட்டால் நியூ ஆர்லியன்ஸில் போர் அருங்காட்சியகம் இல்லை. சதுப்பு நிலத்தில் ஓடும் படகு செய்துகொண்டிருந்தவர் ஹிக்கின்ஸ். அதைத் திருத்தித் தரையிறங்கு படகாக்கினார்: 36 அடி நீளம், பெரும்பகுதி ஒட்டுப்பலகை, உள்ளே 36 சிப்பாய்கள், முன்பக்கம் கீழே விழுந்து சாய்வுப் பாதையாகும் இரும்புக் கதவு. அவர் நிறுவனம் போர்க்காலத்தில் 20,000க்கும் மேல் படகுகள் கட்டியது. துறைமுகமே இல்லாத மணல் கரையில் படையை இறக்க முடிந்தது இதனால்தான்.

நமக்குப் போரை வென்று கொடுத்தவர் ஹிக்கின்ஸ் என்று ஐசன்ஹோவர் தன்னிடம் சொன்னதாக ஆம்ப்ரோஸ் சொல்வார். அந்த ஒரு பேச்சையும், குவிந்துகிடந்த ஒலிநாடாக்களையும் வைத்துச் சக பேராசிரியர் நிக் முல்லரும் அவரும் போட்ட திட்டம்தான் அருங்காட்சியகம். முதலில் ஒரு சின்னக் கட்டடம் என்று நினைத்தார்கள். 2000 ஜூன் 6 அன்று திறந்தபோது நகரமே திரண்டது. இன்று அது தேசிய இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம்.

*

வெளியான வரிசையைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். ‘சிட்டிசன் சோல்ஜர்ஸ்’ 1997, ‘தி விக்டர்ஸ்’ 1998, ‘காம்ரேட்ஸ்’ 1999, ரயில்பாதைப் புத்தகம் 2000, ‘தி வைல்ட் ப்ளூ’ 2001. நடுவில் ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்துக்கு ஆலோசகர். வருடத்துக்கு ஒன்று. குடும்பமே உதவிக்கு இருந்தது. ரயில்பாதைப் புத்தகத்தில் பிழை பிழையாகப் பட்டியல் போட்டு ரயில் ஆர்வலர்கள் வெளியிட்டார்கள். அது முதல் எச்சரிக்கை.

*

2002 ஜனவரி. ‘தி வைல்ட் ப்ளூ’, ஜார்ஜ் மெகவர்ன் ஓட்டிய பி-24 குண்டுவீச்சு விமானத்தையும் அதன் குழுவையும் பற்றியது. இத்தாலியிலிருந்து 35 முறை பறந்த அதே மெகவர்ன்தான் 1972 தேர்தலில் நிக்ஸனிடம் தோற்றவர். தாமஸ் சைல்டர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1995இல் எழுதிய விமானக்குழுப் புத்தகத்திலிருந்து வாக்கியங்கள் அப்படியே ஆம்ப்ரோஸ் பக்கங்களில் இருப்பதை ஒரு வார இதழ் காட்டியது. அடிக்குறிப்பில் சைல்டர்ஸ் பெயர் இருந்தது. வாக்கியத்தைச் சுற்றி மேற்கோள்குறி இல்லை.

ஆம்ப்ரோஸ் உடனே மன்னிப்புக் கேட்டார். ஆனால் தோண்டத் தோண்ட மேலும் வந்தது. 1975இல் அவர் எழுதிய, தளபதி கஸ்டர் பற்றிய புத்தகம் வரை நீண்டது. எங்கிருந்து எடுத்தேன் என்று குறிப்பில் சொல்லியிருக்கிறேனே, நான் கதை சொல்கிறவன், ஆய்வேடு எழுதவில்லை என்ற தொனியில் பதில் சொன்னார்.

பதில் பாதி சரி. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். நெக்லஸ் அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. தகவலுக்குக் கடன்பட்டேன் என்கிறது அடிக்குறிப்பு. இந்த வாக்கியமே இன்னொருவர் கட்டியது என்று சொல்ல மேற்கோள்குறி வேண்டும். வெகுஜன வரலாற்றுக்கு வாக்கியம்தான் முதல். அப்படியிருக்க அதன் சொந்தக்காரரை மறைப்பது பேராசிரியர்களைவிட இவர்களுக்குத்தான் பெரிய குற்றம்.

*

அந்த வருடம் ஏப்ரலில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்டோபர் 13 அன்று மிசிசிப்பியில் பே செயின்ட் லூயிஸில் இறந்தார். வயது 66.

*

எட்டு வருடம் கழித்து வந்தது பெரிய இடி. கன்சாஸில் அபிலீன் நகரத்து ஐசன்ஹோவர் நூலகத்தின் துணை இயக்குநர் டிம் ரைவ்ஸ், ஒரு கண்காட்சிக்காகப் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற ஐசன்ஹோவரின் நாட்கள் துல்லியமாகப் பதிவாகியிருந்தன: யார் வந்தார், எப்போது வந்தார், எப்போது போனார். உதவியாளர்கள் எழுதிவைத்த தினக்குறிப்பு அது. அதன்படி ஆம்ப்ரோஸ் அவரைச் சந்தித்தது மூன்றே முறை. எல்லாம் சேர்த்து ஐந்து மணிநேரம்கூட இல்லை. ஒருமுறையும் தனியாக இல்லை.

‘தி சுப்ரீம் கமாண்டர்’ அடிக்குறிப்புகளில் ஒன்பது பேட்டித் தேதிகள். ஏழு இந்தத் தினக்குறிப்போடு முட்டுகின்றன. உதாரணத்துக்கு ஒன்று: 1965 அக்டோபர் 7. கெட்டிஸ்பர்க்கில் பேட்டி என்கிறது புத்தகம். அன்று ஐசன்ஹோவர் அபிலீனிலிருந்து கன்சாஸ் சிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஐசன்ஹோவர் தானே தொடர்புகொண்டார் என்ற முதல் கதையும் ஒரு கடிதத்தில் விழுந்தது. 1964 இலையுதிர்காலத்தில் ஐசன்ஹோவருக்கு முதலில் எழுதியவர் ஆம்ப்ரோஸ்தான். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தன் புத்தகங்களை அனுப்பி, வாழ்க்கை வரலாறு எழுதும் யோசனையை முன்வைத்ததும் அவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், தளபதியின் காகிதங்களைத் தேதி பிசகாமல் தொகுக்கக் கற்றுக்கொண்டவரைத் தேதி போட்ட ஒரு காகிதமே பிடித்துக்கொடுத்தது.

*

ஏன் செய்தார்? பணம், புகழ் என்று சொல்லிவிடலாம். எனக்குத் தோன்றுவது வேறு. வாசகருக்கும் பதிப்பகத்துக்கும் தொலைக்காட்சிக்காரருக்கும் ‘அருகே இருந்தேன்’ என்பதுதான் செல்லுபடியாகும் காசு. ஐந்து தொகுதிக் காகிதங்களைத் தொகுத்தேன் என்றால் கொட்டாவி விடுவார்கள். கிழவரின் கண்ணை மூன்று மணிநேரம் பார்த்தேன் என்றால் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்வார்கள். சிப்பாய்களின் நேரடி அனுபவத்தை வைத்து வாசகரைக் கட்டிப்போட்டவருக்கு, தனக்கும் அப்படி ஒரு நேரடி அனுபவம் வேண்டியிருந்திருக்கிறது.

ஹிக்கின்ஸ் பற்றிய அந்தப் பாராட்டும் இதே கணக்கில் வருகிறது. ஐசன்ஹோவர் சொல்லியிருக்கலாம், சந்திப்புகள் நடக்காமல் இல்லை. ஆனால் அதற்கு நாம் நம்ப வேண்டியிருப்பது ஆம்ப்ரோஸின் வாயைத்தான். நல்லவேளையாக ஹிக்கின்ஸின் பெருமை அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கவில்லை. படகுகள் இருக்கின்றன, கணக்கு இருக்கிறது.

*

படிக்க நினைப்பவர்களுக்கு வரிசை: முதலில் ‘பெகாசஸ் பிரிட்ஜ்’. அடுத்து ‘டி-டே’, அதில் சிப்பாய்கள் பேசுகிற இடங்களை மெதுவாகவும், ஆசிரியர் தீர்ப்புச் சொல்கிற இடங்களை வேகமாகவும். ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ படிக்கும்போது சோபெல் வரும் பக்கங்களில் தேதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கடைசி ஐந்தாறு வருடத்துப் புத்தகங்கள் கட்டாயமில்லை.

ஐசன்ஹோவர் இரண்டு தொகுதிகளைத் தள்ளிவிடத் தேவையில்லை. பக்கத்துக்குப் பக்கம் பின்குறிப்பைப் புரட்டிக்கொண்டே படிக்கலாம். தேதியிட்ட கடிதம், நாட்குறிப்பு, உத்தரவு என்று இருந்தால் தைரியமாக மேலே போகலாம். ஐசன்ஹோவருடன் பேட்டி என்று இருந்தால் அந்த வாக்கியத்தைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம். அப்படிப் படித்துப் பார்த்தேன். அடைப்புக்குள் போனவை இல்லாமலே தளபதி முழுசாக நிற்கிறார். அந்தப் பேட்டிகள் அவருக்குத் தேவையே பட்டிருக்கவில்லை.